பெலிக்ஸ் அண்ணன் இருந்த ஒருசந்தி

பெலிக்ஸ் அண்ணனுக்கு நாக்கு செத்துப்போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆப்பிரிக்காவுக்குப் போகும்வரை இது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவர் அவருடைய மனைவி ஜூடி. கொரோனாவில் படுத்து எழுந்தவருக்குக் காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, போன ருசியும் மணமும் மட்டும் திரும்பி வரவில்லை. அவர் நாக்குக்கு உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். மிளகாய் மட்டும் எரியும். வெறும் எரிச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு வேலை பார்க்கிறவருக்கு இப்படி ஆனால் சோறு இறங்காது, அதோடு போயிற்று. அண்ணன் சினிமா யூனிட்டுக்குச் சமையல்காரர்.

நான் நாச்சியார். அதே யூனிட்டில் காஸ்ட்யூமர். நடிகர்களுக்கு உடுப்பு எடுத்துவைப்பது, கிழிந்ததைத் தைப்பது, நேற்று எந்தச் சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது என் வேலை. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அண்ணனுக்கு இராஜபாளையம், முடங்கியார் ரோட்டுப் பக்கம் வீடு. எங்களை வேலைக்குக் கூப்பிடுகிற புரொடக்‌ஷன் மேனேஜர் சமுத்திரம் சோழபுரத்துக்காரர். கல்யாண வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்த பெலிக்ஸ் அண்ணனைச் சினிமாவுக்கு இழுத்து வந்ததும் அவர்தான். சென்னைக்காரர்கள் எங்கள் மூவரையும் ஒரு கட்சியாகவே பார்ப்பார்கள். எதிலாவது காரம் கூடினால் உங்க ஊர் வேலையா என்பார்கள்.

இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி ஜூடி அக்கா பிற்பாடு சொன்னது. என்னை வசமாக ஏமாற்றிய கதை என்பதால் கொஞ்சம் கடுப்போடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாலு வருஷம் யாருக்கும் தெரியாமல் ஒரு சமையல்காரர் காலம் தள்ளினார் என்றால் அது அக்காவால்தான். கூடமாட ஒத்தாசைக்கு என்று சொல்லி எல்லா ஷூட்டிங்குக்கும் அக்காவையும் கூட்டி வந்துவிடுவார். குழம்பு கொதிக்கையில் அண்ணன் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவார். கண்ணை மூடிக்கொள்வார். தலையை ஆட்டுவார். அது எங்களுக்காகப் போடுகிற வேஷம். பிறகு அக்கா வந்து, பாத்திரம் எடுக்கிற சாக்கில் ஒரு சொட்டுப் பார்ப்பார். முந்தானையை இடுப்பில் சொருகினால் உப்பு சரி. சொருகாமல் போனால் இன்னும் போட வேண்டும். அய்யனார் கோவில் பக்கம், தேனி, குமுளி என்று எத்தனையோ இடத்தில் இவர்கள் சமைத்ததைத் தின்றிருக்கிறேன். அந்த முந்தானையை ஒருநாளும் கவனித்ததில்லை. துணியைக் கவனிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் கென்யாவில் ஷூட்டிங் என்று வந்தபோது இந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வந்தது. வெளிநாடு என்றால் யூனிட்டில் பாதியைக் கழித்துவிடுவார்கள். சமையலுக்கு ஒரே ஆள் என்று சமுத்திரம் சொல்லிவிட்டார். அக்காவுக்கு டிக்கெட் கிடையாது.

அன்று வீட்டில் பெரிய சண்டையாம். உண்மையைச் சொல்லிவிடுங்கள், சமுத்திரம் அண்ணன் என்ன கழுத்தையா சீவிவிடப் போகிறார் என்று அக்கா கேட்டிருக்கிறார். அண்ணன் மசியவில்லை. ஒரு படத்துக்கு வேறு சமையல்காரன் போய்விட்டால் அடுத்த படத்துக்கும் அவனே போவான், சினிமாவில் அப்படித்தான் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை அக்காவிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்:

"எனக்கு ருசி தெரியாதுன்னு ஒருநா வெளிய வந்துட்டா, அன்னையிலிருந்து என் சோத்தை எவனும் நம்பித் திங்கமாட்டான், ஜூடி. நல்லாவே இருந்தாலும் மோந்து பாத்துத்தான் திம்பான்."

அந்தப் பயத்தோடுதான் அவர் முதன்முதலாக விமானம் ஏறினார்.

எங்கள் படத்தின் கதை என்னவென்றால், ஹீரோ காணாமல் போன தன் அண்ணனைத் தேடி நைரோபியிலிருந்து காட்டுக்குள் இருக்கிற ஒரு சஃபாரி கேம்ப் வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு போகிறார். அதனால் நாங்களும் அவர் பின்னாலேயே போனோம். இரண்டு ஜீப், ஒரு வேன், சாமான் ஏற்ற ஒரு லாரி. கிளம்புகிற அன்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். லாரி டிரைவர் கமாவ் இறங்கி வந்து, நல்ல பழத்தை எதற்கு வீணாக்குகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டான். விபத்து வராமலிருக்க என்றோம். அவன் கண்ணாடியில் தொங்குகிற ஜெபமாலையைக் காட்டி, அதற்கு இது இருக்கிறதே என்றான். பெலிக்ஸ் அண்ணனுக்கு அவனை அப்போதே பிடித்துப்போயிற்று. லாரியில் அவன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். அடுப்பும் அண்டாவும் அந்த லாரியில்தான் இருந்தன.

அண்ணன் ஊரிலிருந்து மல்லி, மிளகாய், மசாலா எல்லாம் திரித்துக் கொண்டுவந்திருந்தார். உப்பை மட்டும் கொண்டுவரவில்லை. உப்பை யாராவது விமானத்தில் தூக்கிக்கொண்டு போவார்களா? ஆனால் அங்கேதான் வினை இருந்தது. அவர் கை கல்லுப்புக்குப் பழகிய கை. ஒரு அண்டா சாம்பாருக்கு எத்தனை பிடி என்று அது தானாகவே அள்ளிப்போடும். எங்களுக்குக் கிடைத்ததோ மாவு மாதிரிப் பொடியுப்பு. அதே பிடியில் அது எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. அண்ணன் வழக்கம்போல உள்ளங்கையில் விட்டு நக்கி, கண்ணை மூடி, தலையை ஆட்டி இறக்கினார்.

நைரோபிக்கு வெளியே ஒரு தைல மரக் கூட்டத்துக்கடியில் எங்கள் முதல் பந்தி. யாருக்கும் இரண்டாவது வாய் இறங்கவில்லை. சமுத்திரம்தான் ஆரம்பித்தார்.

"என்னடே பெலிக்சு, கடல்ல மோந்து ஊத்துனியா?"

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்போது தவக்காலம். கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முன்னால் வருகிற விரத நாட்கள். அது எங்களில் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. அவருக்கே அந்த நிமிஷத்தில்தான் ஞாபகம் வந்ததாம். தனக்கு ஒருசந்தி என்றார். ஒரு நேரம்தான் சாப்பாடு, பொழுது சாயும் வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக் கூடாது, கறி மீன் ஈஸ்டர் வரைக்கும் கிடையாது, இப்போது கையில் விட்டுப் பார்த்ததுகூட வெறும் பழக்கதோஷம், நாக்கில் வைக்கவில்லை என்றார்.

சினிமாக்காரர்கள் எதற்கும் அடங்காவிட்டாலும் விரதத்துக்கு அடங்கிவிடுவார்கள். மாலை போட்டவனை சாமி என்று கூப்பிடுவார்கள். நோன்பு இருக்கிறவனுக்கு முதல் ஆளாகக் கஞ்சி வாங்கி வருவார்கள். அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் எல்லாருக்கும் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. உதவி கேமராமேன் பிரேம்குமார், வாயில் இருந்த சாம்பாரை அப்படியே விழுங்கி, பரவாயில்லைண்ணே, தயிர் ஊற்றினால் சரியாகிவிடும் என்றான். சமுத்திரம் என்னைப் பார்த்தார். இனிமேல் நீதான் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும், உனக்குத்தான் வாய் நீளம் என்றார். என்னைப் பாராட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் போனில் இதைச் சொன்னதும் ஜூடி அக்கா கேட்டாராம்: "ருசியே தெரியாத நாக்குக்கு ஒருசந்தி எதுக்குங்க? பொய் சொல்லுதது சொல்லுதிய, அதுல சேசுவை ஏன் இழுக்கிய?"

அன்றிலிருந்து அண்ணன் உண்மையாகவே ஒருசந்தி இருக்க ஆரம்பித்துவிட்டார். சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டால் பாவம் பாதியாகும் என்று ஒரு கணக்கு. பகலெல்லாம் வெறும் தண்ணீர். சாயங்காலம் கமாவோடு உட்கார்ந்து ரசம் சோறு. கமாவும் விரதம். அவனுக்கு ரசம் என்றால் உயிர். டம்ளரில் வாங்கி ஊதி ஊதிக் குடிப்பான்.

இப்படியாக நான் யூனிட்டின் நாக்கு ஆனேன். பெரிய பள்ளத்தாக்கு தெரிகிற மலைச்சாலையில் ஹீரோ காரை நிறுத்தி, காணாமல் போன தன் அண்ணனை நினைத்துக் கலங்குவார். லாரிக்குப் பின்னால் நான் வத்தக்குழம்பை நக்கிக்கொண்டிருப்பேன். நரோக் என்கிற ஊரைத் தாண்டியதும் வேலி இல்லாத புல்வெளி வந்தது. ஆட்டு மந்தை மாதிரி வரிக்குதிரை மேய்ந்தது. டைரக்டர் வண்டியிலிருந்து குதித்து ஓடினார். நான் எங்கும் ஓடவில்லை. அவியல் அடுப்பில் இருந்தது.

சும்மா நன்றாயிருக்கிறது என்று சொன்னால் அண்ணன் விடமாட்டார். முதலில் நாக்கில் தட்டுவது புளியா உப்பா, தொண்டைக்குப் போன பிறகு என்ன நிற்கிறது, வெந்தயம் கசக்கிறதா, பெருங்காயம் மணக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்பார். கேட்டுவிட்டு என் வாயைப் பார்க்க மாட்டார், முகத்தையே பார்ப்பார். நானும் பெரிய ஆளாட்டம் விவரிப்பேன். நான் விவரிக்கையில் அவருக்கு ஒரு ஏக்கம் வரும். விரதக்காரருக்குப் பசி, பாவம் என்று நினைத்துக்கொள்வேன். ஒருதடவை பக்கத்தில் பால் பொங்கி, தீய்ந்து, புகை கிளம்பி, தூரத்தில் இருந்த நான் ஓடிவந்து அணைத்தேன். அண்ணன் அடுப்படியிலேயே நின்றிருந்தார். தியானத்தில் இருக்கிறார் என்று பிரேம்குமாரிடம் பெருமையாகச் சொன்னேன். இப்போது சொன்னால் சிரிக்கிறான்.

கேம்ப் ஒரு ஆற்றங்கரையில் இருந்தது. எல்லாம் கூடாரங்கள். உள்ளே கட்டிலும் குளியலறையும் உண்டு, ஆனால் சுவர் துணிதான். ஒரு பிஸ்கட்கூட உள்ளே வைக்கக் கூடாது, குரங்கு ஜிப்பைத் திறந்துவிடும் என்றார்கள். ஆற்றில் நீர்யானைகள் கிடந்து உறுமின. அண்ணனுக்குக் கூடாரங்களைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையைச் சமையலுக்குக் கொடுத்தார்கள். அதைவிட்டு அவர் வெளியே வரவே இல்லை. இத்தனை தூரம் வந்து சிங்கம் பார்க்காமல் போனால் ஊரில் காறித் துப்புவார்கள் என்று சொல்லி ஒருநாள் நான்தான் அவரை ஜீப்பில் ஏற்றினேன்.

சிங்கம் கிடைத்தது. ஒரு காட்டெருமையை அடித்துப் போட்டு, தின்று, மிச்சத்துக்குக் காவலாகப் படுத்திருந்தது. அடித்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும். ஜீப் நெருங்கியதும் அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. ஹீரோ சட்டைக் காலருக்குள் மூக்கைப் புதைத்தார். நான் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டேன். பிரேம்குமார் வாந்தி எடுத்தான். அண்ணன் மட்டும் கம்பியைப் பிடித்து எட்டிக் குனிந்து, நல்ல கறிக்கடையில் நிற்கிற மாதிரி, எந்தப் பாகத்தை முதலில் தின்றிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அவர் கை மெதுவாக மூக்குக்குப் போனது. பிரேம்குமார் வாயைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்கு நாற்றமே தெரியலையாண்ணே என்று கேட்டான். எங்கள் ஊர் சந்தையில் பார்க்காததா என்று சொல்லிச் சமாளித்துவிட்டார்.

ஈஸ்டருக்கு முன்னால் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்பதுதான் அவருடைய தைரியம். விரதம் முடிவதற்குள் வேலையும் முடிந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்ப் பக்கம் கரிசலில் மழை பெய்தால் எப்படிக் காலை விடாதோ, அதே கறுப்பு மண் அங்கேயும். வண்டிகள் அச்சு வரை புதைந்தன. எடுக்க வேண்டிய சீன்கள் தள்ளிப்போயின, டிக்கெட்டும் தள்ளிப்போயிற்று. குருத்து ஞாயிறு கேம்பிலேயே வந்தது, பெரிய வெள்ளியும் வந்தது. ஈஸ்டர் வரப்போவது எங்கள் யாருக்கும் தெரியாது. தெரியாமலே போய்விட வேண்டும் என்று அவர் அந்த ஆண்டவரிடமே வேண்டிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கமாவ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். எல்லார் கையையும் பிடித்து ஹேப்பி ஈஸ்டர் என்றான். பெலிக்ஸ் அண்ணனைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான். போதாததற்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆட்டுக்கறி வேறு வாங்கி வந்திருந்தான்.

அண்ணன் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். ஊர் போய்ச் சேரும் வரை விரதத்தை நீட்டிக்கொள்கிறேன் என்றார். சமுத்திரம் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் கமாவ் பதறிவிட்டான். இன்றைக்கு விரதம் இருப்பதே தப்பு, பாதிரியாரிடம் வேண்டுமானால் கேளுங்கள் என்றான். அவன் சொன்னது சரிதான் என்று அண்ணனுக்கும் தெரியும்.

அப்புறம் நடந்ததுதான் வினோதம். பட்டினி கிடந்துகொண்டே இத்தனை நாள் நமக்கு ஆக்கிப்போட்ட மனுஷன், இன்றைக்கு அவர் கரண்டியைத் தொடக் கூடாது, நாம்தான் அவருக்குச் சமைக்க வேண்டும் என்று சமுத்திரம் அறிவித்துவிட்டார். அண்ணனைத் தூக்காத குறையாக வெளியே கொண்டுபோய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தோம். பிரியாணி என்று முடிவாயிற்று. சமுத்திரம் வேட்டியை மடித்துக் கட்டினார். பிரேம்குமார் யூட்யூபில் பார்த்த ஞானத்தோடு வந்தான். சென்னைப் பிரியாணி, எங்கள் ஊர்ப் பிரியாணி என்று இரண்டு பேருக்கும் அடுப்படியிலேயே வாய்ச்சண்டை. கோபத்தில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. கறியை வேகவைக்கையில் சமுத்திரம் உப்புப் போட்டார். தண்ணீர் கொதிக்கையில் பிரேம்குமார் போட்டான். அரிசி விழுந்த பிறகு, இவன் எங்கே போட்டிருக்கப் போகிறான் என்று சமுத்திரம் மறுபடி போட்டார்.

ருசி பார்ப்பது யார் என்று வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். படையலுக்கு ஆக்கியதை யாராவது முதலில் வாயில் வைப்பார்களா? விரதக்காரர் வாயில்தான் முதல் கவளம் போக வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு என்றேன். எங்கள் வீடுகளில் அப்படித்தான். அண்ணன் சாமி வேறு, எங்கள் சாமி வேறு, ஆனால் படையல் படையல்தானே. சமுத்திரம் அது சரி என்று தலையாட்டினார். ஆக, அந்த அண்டாவிலிருந்து ஒரு பருக்கைகூட யாரும் ருசி பார்க்கவில்லை.

மேஜையில் துணி விரித்து, தட்டு வைத்து, அண்ணனை நடுவில் உட்காரவைத்தோம். ஹீரோகூட எழுந்து நின்றார். அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு முதல் கவளத்தை எடுத்தார். மென்றார். கண்ணை மூடினார். நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நல்லாருக்குடே. உப்பும் உறைப்பும் கணக்கா நிக்கி. நானே ஆக்குனாலும் இப்படி வராது."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரேம்குமார் அவர் காலில் விழாத குறை. எல்லாரும் கை தட்டிவிட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம்.

நான் வாயில் வைத்ததும் காதுக்குள் கூசியது. அது சோறு இல்லை, உப்பளம். பிரேம்குமார் திரும்பித் துப்பினான். ஹீரோ தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினார். கமாவ் மரியாதைக்கு விழுங்கிவிட்டு இருமினான். அண்ணன் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கறித்துண்டைப் பிய்த்து, சோற்றோடு பிசைந்து, ரசித்து, வாய் நிறைய சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

செத்த நேரத்தில் அவருக்கும் ஏதோ தட்டுப்பட்டு நிமிர்ந்தார். யார் தட்டையும் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். இத்தனை நாளும் லாரிக்குப் பின்னால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. அந்தப் பார்வையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. என்னால் முகத்தை மாற்றிக்கொள்ள முடியவில்லை. முயற்சி செய்தேன், முடியவில்லை.

"கூடிருச்சோ?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கையில் இருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே சொன்னார். கொரோனாவிலிருந்து எதுவும் தெரியாது, மணமும் தெரியாது, ஜூடிதான் பார்த்துச் சொல்வாள், இங்கே வந்து நாச்சியாரை ஏமாற்றினேன், ஒருசந்தி முதலில் பொய், பிறகு நிஜம். அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

சமுத்திரத்துக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சத்தம் போடவில்லை, அதனால்தான் பயமாக இருந்தது. கெட்டுப்போன கறியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய், இந்தக் காட்டில் இத்தனை பேரை எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எனக்கும் ஆத்திரம்தான். யூனிட்டின் நாக்கு என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே. சாப்பிடாமலே எழுந்து போய்விட்டேன்.

மிச்சமிருந்த நாட்களுக்கும் அவர்தான் சமைத்தார். வேறு ஆள் இல்லையே. நான் எல்லார் முன்னாலும் ருசி பார்த்தேன், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. சமையலில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் அவர் பயந்தது அப்படியே நடந்தது. பிரேம்குமார் ஒவ்வொரு தடவையும் தட்டை முதலில் மூக்கருகே கொண்டுபோனான். வேண்டுமென்று செய்யவில்லை, அவனை அறியாமல் செய்தான். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

ஊருக்கு வந்த பிறகு சமுத்திரம் அவரைக் கூப்பிடவில்லை. ஒரு படம் போயிற்று, அடுத்த படமும் போயிற்று. வேறு சமையல்காரர் வந்தார். அவருக்கு நாக்கு நன்றாகவே இருந்தது, சமைக்கத்தான் தெரியவில்லை. சாம்பார் என்று ஒன்றை ஊற்றுவார். சமுத்திரம் அதைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மூன்றாவது படத்துக்கு அவரே ஜூடி அக்காவுக்குப் போன் பண்ணினார். அண்ணனுக்குப் பண்ணவில்லை.

"நீதான் சமையல்காரி, ஜூடி. உன் பேருலதான் வேலை. கூடமாட ஒத்தாசைக்கு வேணும்னா அவனைக் கூட்டிட்டு வா."

அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் என்னையும் வரச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி முடங்கியார் ரோட்டுக்குப் போனேன். மனதுக்குள் அண்ணனிடம் கேட்க வேண்டியதை எல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு ஒத்தாசையாளாகப் போவதில் உங்களுக்குச் சங்கடம் இல்லையா என்று கேட்டேன். இத்தனை நாளும் அவள்தான் சமையல்காரி, இப்போது வெளியே சொல்கிறார்கள், அவ்வளவுதானே என்றார். அக்கா உள்ளிருந்து, அப்படியென்றால் வருகிறோம் என்று நாளைக்கே சமுத்திரம் அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன் என்றார்.

எனக்கு அதோடு ஆறவில்லை. ஒருசந்தி பொய், நக்கிப் பார்த்தது பொய், எல்லாம் போகட்டும். அன்றைக்கு அத்தனை பேர் ஆசையாகச் சமைத்ததை வாயில் வைத்துக்கொண்டு, கண் கலங்கி, நல்லாருக்கு என்று எங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னீர்களே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை என்றேன்.

அண்ணன் வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"உப்பு கணக்கா நிக்கின்னு சொன்னது பொய்தான் தாயி. நல்லாருக்குன்னு சொன்னது பொய் இல்ல. நான் கல்யாணத்துக்கு ஆக்கிருக்கேன், கருமாதிக்கு ஆக்கிருக்கேன், உங்க அம்புட்டுப் பேருக்கும் ஆக்கிப் போட்டிருக்கேன். வீட்டுல இவ ஆக்கித் தாரது வேற. வெளிய எனக்குன்னு அடுப்பைப் பத்த வச்சு, நான் வாயில வைக்கிற வரைக்கும் ஒருத்தரும் திங்காமக் காத்துக்கெடந்தது அன்னைக்கு மட்டுந்தான். அது நல்லாருக்குன்னு சொல்லுததுக்கு நாக்கு எதுக்கு?"

அக்கா நிலைப்படியில் வந்து நின்றிருந்தார். நான் அடுக்கி வைத்திருந்த மற்ற கேள்விகளைக் கேட்கவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன்.